கயிறு மாறுவதற்கு முன்

தமிழில் வாகனம் வாங்கிய கதைகளுள் மிகப் பெரியது நரி பரியான கதைதான். அரிமர்த்தன பாண்டியன் கருவூலப் பொன்னைக் கொடுத்துக் குதிரை வாங்கிவர வாதவூரரை அனுப்புகிறான். அவரோ திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, பொன்னையெல்லாம் கோயிற்பணிக்குச் செலவிட்டுவிடுகிறார். கடைசியில் இறைவனே குதிரை வணிகனாக மதுரைக்கு வருகிறான். காட்டு நரிகள் குதிரைகளாக அணிவகுத்து நிற்கின்றன. திருவிளையாடற் புராணத்தில் பரஞ்சோதி முனிவர் இதை விரிவாகவே பாடியிருக்கிறார். பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டுப் படித்தால், இதற்குள் ஒரு கொள்முதல் நடைமுறை முழுமையாக இருப்பது தெரியும். வணிகன் குதிரைகளை நடத்திக் காட்டுகிறான். அவற்றின் கதிகளையும் இலக்கணத்தையும் விளக்குகிறான். அரசன் பார்த்து மகிழ்கிறான். பிறகு கயிறு மாறுகிறது. கயிறு கைமாறிய பின் குதிரைக்கு விற்றவன் பொறுப்பல்ல. அன்றிரவே அவை நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிப்போகின்றன.

இதில் ஓட்டிக் காட்டியவன் விற்றவன்; வாங்கியவன் பார்வையாளன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவும் ஏறத்தாழ இதே நிலைமையைத்தான் சொல்கிறார். ஹோர்முஸ் முதலான துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகள் வருகின்றன. மிகுந்த விலை கொடுத்து வாங்கப்படுகின்றன. ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர் இங்கே இல்லை. தெரிந்தவர்கள் இங்கே வருவதை வணிகர்களும் விரும்புவதில்லை, வந்தால் அடுத்த ஆண்டு வியாபாரம் குறைந்துவிடுமே. சர்வீஸ் சென்டர் இல்லாத ஊரில் வெளிநாட்டு வண்டி வாங்கியவர்களுக்கு இந்த இடம் நன்றாகவே புரியும்.

நெடுந்தூரமும் வேகமும் ஒருசேரக் கூடிய ஒரு மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் சில மாதங்கள் இருந்தேன். அந்த நாட்களில், நான் வாழும் இந்த வடக்குப் பகுதியில் ஒரு வண்டியை வாங்கும் முன் யார் ஓட்டிப் பார்த்தார்கள், யாருக்காக ஓட்டிப் பார்த்தார்கள் என்ற கேள்வி விடாமல் துரத்தியது. திருவொற்றியூர், சோழவரம், கும்மிடிப்பூண்டி ஆகிய மூன்று ஊர்களை வைத்துக்கொண்டே இந்திய மோட்டார் சைக்கிளின் எழுபது ஆண்டு வரலாற்றைச் சொல்லிவிட முடியும் என்று தோன்றுகிறது. மூன்றும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் வந்தவை. திருவொற்றியூர் மட்டும் பின்னர் சென்னையோடு சேர்ந்துவிட்டது.

வாங்குமுன் ஓட்டிப் பார்ப்பதை இன்று எல்லோரும் டெஸ்ட் ரைடு என்கிறோம். தமிழில் வெள்ளோட்டம் என்ற அருமையான சொல் இருக்கிறது. புதிதாகச் செய்த தேரையும், பழுது பார்த்த தேரையும் திருவிழாவுக்கு முன் ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அதில் உற்சவர் எழுந்தருள மாட்டார். வெள்ளோலை என்றால் எழுதப்படாத ஓலை. வெள்ளறிவு என்றால் உள்ளீடு இல்லாத அறிவு. அந்த வரிசையில் வைத்து, வெள்ளோட்டம் என்பதைச் சுமை ஏறாத ஓட்டம் என்றே நான் பொருள்கொள்கிறேன். இந்தப் பொருள் கட்டுரையின் பிற்பகுதியில் நமக்குத் தேவைப்படும்.

திருவொற்றியூரிலிருந்து தொடங்கலாம். சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்த சுந்தரர், ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்ணொளி இழந்தார் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. எல்லை தாண்டினால் கண் போகும் என்ற தொன்மம் உள்ள ஊரில்தான், நாட்டின் நெடும்பயணிகள் எல்லோரும் விரும்பிய வண்டியின் தொழிற்சாலை எழுந்தது. வரலாற்றுக்கு இப்படிச் சில குறும்புகள் உண்டு.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932-இலிருந்தே புல்லட் என்ற பெயரைப் பயன்படுத்தி வந்தது. நாம் அறிந்த புல்லட்டின் முன்னோடி போருக்குப் பிறகு வந்தது. பின்சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் வைத்த சோதனை வண்டிகளை 1948-இல் இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் ஓடவிட்டார்கள். விக் பிரிட்டன், சார்லி ரோஜர்ஸ் என்ற இருவரும் அவற்றில் தங்கப் பதக்கம் பெற்றார்கள். ஆறு நாள், மலைப்பாதை, கல், சேறு. வழியில் எது உடைந்தாலும் ஓட்டுபவரே சரிசெய்துகொள்ள வேண்டும். அதைவிடக் கடுமையான வெள்ளோட்டம் ஒரு வண்டிக்கு இருக்க முடியாது. அதைச் சுமை இல்லாத ஓட்டம் என்றும் சொல்ல முடியாது.

அடுத்து வந்த சோதனை இந்திய ராணுவத்தினுடையது. எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய அரசு 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. இங்கே அவற்றைத் தருவித்து விற்றது சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ். ராணுவத்தின் தேவை தொடர்ந்தது. இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி இல்லை. எனவே 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். 1956 முடிவதற்குள் அப்படி வெளிவந்தவை மொத்தம் 163 வண்டிகள். பிறகு அச்சுகளும் கருவிகளும் கப்பலேறி வந்தன. 1960களின் தொடக்கத்தில் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. ரெட்டிச்சில் புல்லட் நின்றது. 1970-இல் இங்கிலாந்து நிறுவனமும் முடிவுக்கு வந்தது. தாய்வீடு இடிந்துபோனது தெரியாத மகளைப்போலத் திருவொற்றியூர் அதே வண்டியைச் செய்துகொண்டே இருந்தது. 1977-இல் இங்கிலாந்துக்கே அதை ஏற்றுமதி செய்யவும் தொடங்கியது.

ஆக, புல்லட்டை ஆறு நாள் போட்டி சோதித்தது, ராணுவம் சோதித்தது. இங்கே அதை வாங்கிய தனிமனிதரை யாரும் எதுவும் கேட்கவில்லை. உரிம ஆட்சிக் காலத்தில் கடைக்காரரிடம் போய் ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்வதே வேடிக்கையாக இருந்திருக்கும். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. வண்டிதான் மனிதரைச் சோதித்தது. ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து மேலும் சற்று இறக்க வேண்டும். பிறகு ஒரே மிதி. பிசகினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. வேறு வண்டி பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். இவற்றையெல்லாம் குறையாகக் கருதாமல் தீட்சையாகக் கருதும் ஒரு கூட்டம் உருவானது தனிக்கதை. தேர்ந்தெடுக்க வழியில்லாதவன் தனக்குக் கிடைத்ததைக் காதலிக்கக் கற்றுக்கொள்கிறான். புல்லட் பக்தியில் ஒரு பாதி அப்படி வந்தது என்பது என் துணிபு. மறுபாதி அந்த ஓசையால் வந்தது. அதை மறுக்க நான் யார்?

திருவொற்றியூரிலிருந்து மேற்கே வந்து, செங்குன்றத்தைத் தாண்டி, பழைய ஜி.என்.டி. சாலையில் வடக்கே போனால் சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போயின, வெயிலில் வெளுத்த நீண்ட தளம் மிஞ்சியது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயக் களமாக்கிக்கொண்டது. 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை சோழவரம் என்ற பெயருக்கு மோட்டார் பந்தயம் என்பதே பொருளாக இருந்தது. கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோவை என்று எல்லா ஊர்களிலிருந்தும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வந்தன. ஏரியும் வயலும் சூழ்ந்த இடத்தில், பந்தய நாட்களில் மட்டும் ஒரு நகரம் முளைத்து மறைந்தது.

நான் சோழவரம் பந்தயத்தைப் பார்த்ததில்லை. என் வயதுக்காரர்கள் விவரம் அறிவதற்குள் அது முடிந்துவிட்டது. பார்த்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். வென்றவர் பெயரை அவர்கள் சொல்வதில்லை. எந்த வண்டி எந்த இடத்தில் நின்றுபோனது என்பதையே முதலில் சொல்கிறார்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் எழும் சத்தம், நேர்ப்பாதையின் முடிவில் பிரேக் பிடிக்காமல் வைக்கோல் கட்டுகளுக்குள் போன வண்டி, கார்ப்புரேட்டர் ஜெட்டை மாற்றிவிட்டு அடுத்த சுற்றில் முந்தியவன். அவர்கள் உண்மையில் பார்த்தது ஒரு பொதுச் சோதனை. விளம்பரத்தில் சொல்லப்படாததும் கடையில் காட்டப்படாததும் அங்கே அம்பலமாயின. இளைஞர்கள் அங்கே கண்டதை மனத்தில் வைத்துக்கொண்டு புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும் போனார்கள். அங்கிருந்த மெக்கானிக்குகளிடம் தங்கள் வண்டியின் போர்ட்டை அராவச் சொன்னார்கள், சைலன்சரை மாற்றச் சொன்னார்கள். வாங்கும் முன் தேர்ந்தெடுக்க முடியாதவர்கள் வாங்கிய பின் திருத்தி எழுதிக்கொண்டார்கள்.

தொழிற்சாலைகளும் இதை அறிந்திருந்தன. டி.வி.எஸ். தன் பந்தயப் பிரிவை 1982-இல் தொடங்கியது. மொபெட்டில் தொடங்கி, 1984-க்குப் பிறகு ஓசூரில் செய்த இந்த்-சுசுகி வண்டிகளுக்கு வந்தது. மைசூரின் யெஸ்டியும், ஃபரிதாபாத்தில் 1983 முதல் செய்யப்பட்ட ராஜ்தூத் 350-உம் பந்தயக்காரர்களின் வண்டிகளாயின. ராஜ்தூத் 350 ஒரு சோகமான உதாரணம். ஜப்பானின் யமஹா ஆர்.டி. 350 உலகமே மெச்சிய வண்டி. இங்கே வந்தபோது எஞ்சினின் வலிமையைக் குறைத்தார்கள். டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் வைத்தார்கள். அப்படியும் அது அன்றைய இந்திய வண்டிகளைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் விட்டுச் சென்றது. ஆனால் பெட்ரோல் குடித்தது. உதிரிபாகம் விலை அதிகம். மக்கள் வாங்கவில்லை. தயாரிப்பு நின்ற பிறகே அதற்குக் காவியத் தகுதி கிடைத்தது. என்ஃபீல்டு நிறுவனமும் ஜெர்மனியின் சூண்டாப் நிறுவனத்தின் நுட்பத்தைக் கொண்டு ராணிப்பேட்டையில் ஃப்யூரி என்ற விரைவு வண்டியைச் செய்து பார்த்தது. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கோடு வந்த அதுவும் நிலைக்கவில்லை. 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற ஒரே கேள்வியைக் கேட்டு எல்லோரையும் வென்றது.

சோழவரத்தில் நடந்தது வேகத்துக்கான சோதனை. தூரத்துக்கான சோதனை ஆகாது. தட்டையான ஓடுதளத்தில் சில சுற்றுகள் ஓடினால் எஞ்சினைப் பற்றித் தெரியும். ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு என்ன சொல்லும் என்பது தெரியாது. இரண்டையும் சேர்த்துச் சோதித்த ஒரு நிகழ்ச்சி ராயல் என்ஃபீல்டு வரலாற்றிலேயே இருக்கிறது. 250 சி.சி. கான்டினென்டல் ஜி.டி. என்ற வண்டியை 1964-இல் அறிமுகம் செய்தபோது, பிரிட்டனின் வடகிழக்கு முனையான ஜான் ஓ’குரோட்ஸிலிருந்து தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டுவரை பத்திரிகையாளர்கள் மாற்றி மாற்றி ஓட்டி இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் சென்றடைந்தார்கள். வழியில் சில்வர்ஸ்டோன் பந்தயக் களத்திலும் சில சுற்றுகள் ஓட்டினார்கள். ஸ்போர்ட் டூரிங் என்று இன்று சொல்லப்படும் வகையின் இலக்கணம் அந்த ஒரு பயணத்திலேயே இருக்கிறது. இவ்வகையின் முதல் முழு வடிவம் என்று பலரும் சொல்வது 1976-இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 100 ஆர்.எஸ். அதன் முகப்புக் கவசத்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தே வடிவமைத்தார்கள். காற்று ஓட்டுபவரின் மார்பில் மோதாமல் விலகிப் போனால் அவர் இன்னும் நூறு கிலோமீட்டர் போவார். அதற்காகத்தான் அந்தக் கவசம்.

அத்தகைய வண்டிக்கு அன்று நம்மிடம் சாலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜி.என்.டி. சாலை இரு வழிச் சாலையாக இருந்தவரை, எதிரே வரும் லாரிதான் நம் வேகத்தைத் தீர்மானித்தது. 1999-இல் தொடங்கிய தங்க நாற்கரத் திட்டத்துக்குப் பிறகே அது அகன்றது. வண்டி முதலில் வந்ததா சாலை முதலில் வந்ததா என்றால், நம் ஊரைப் பொறுத்தவரை சாலைதான். 2003-இல் அரை முகப்புக் கவசத்தோடு வந்த 223 சி.சி. கரிஸ்மாவில் இளைஞர்கள் மூட்டை கட்டிக்கொண்டு லடாக் வரை போகத் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான்.

இதற்கிடையே திருவொற்றியூர் தள்ளாடிக்கொண்டிருந்தது. 1994-இல் ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. பெயரும் ராயல் என்ஃபீல்டு ஆனது. 2000-இல் மாதம் ஆறாயிரம் வண்டி செய்யக்கூடிய நிறுவனம் இரண்டாயிரம் அளவிலேயே விற்றுக்கொண்டிருந்தது. மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்று நிர்வாகம் யோசித்தது. இருபத்தாறு வயதான சித்தார்த்த லால் பொறுப்பேற்று அவகாசம் கேட்டார். ஜெய்ப்பூர் ஆலையை மூடினார். தானே வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். இதைத் தனிமனித சாகசமாகச் சொல்வது வழக்கம். நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். நாற்பது ஆண்டுக்காலம் வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பே இல்லாதிருந்த வாங்குபவர், முதல்முறையாக வேண்டாம் என்று சொன்னார். எண்ணெய் ஒழுகுகிறது, கியர் தவறான காலில் இருக்கிறது, கிக்கர் அடிக்கிறது என்றார். பக்தர்கள் தீட்சை என்று சொன்னதையெல்லாம் அவர் குறை என்று சொன்னார். அதன் பிறகு கியர் இடக்காலுக்கு வந்தது; பொத்தான் ஸ்டார்ட் வந்தது; பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்குப் பதில் புதியது வந்தது. நிராகரிக்க முடிகிறவனிடம்தான் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். டெஸ்ட் ரைடு என்ற பழக்கம் நம் ஊரில் அப்போதுதான் பரவியது.

அந்தப் பாதையின் இன்னொரு முனைதான் 2017 நவம்பரில் மிலான் கண்காட்சியில் காட்டப்பட்டு, ஓராண்டு கழித்து இந்தியாவில் விற்பனைக்கு வந்த இன்டர்செப்டர் 650-உம் கான்டினென்டல் ஜி.டி. 650-உம். இரண்டும் பழைய பெயர்கள். இன்டர்செப்டர் 1960களில் அமெரிக்கச் சந்தைக்காக ரெட்டிச் செய்த வண்டி. புதியவற்றை இங்கிலாந்தின் புருண்டிங்தார்ப்பில் அமைத்த தொழில்நுட்ப மையமும் சென்னையும் சேர்ந்து உருவாக்கின. விற்பனைக்கு வருமுன் மறைப்புத் தாள் ஒட்டிய சோதனை வண்டிகள் சென்னையைச் சுற்றியுள்ள சாலைகளில் ஓடுவதைப் படமெடுத்துப் போடுவதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றே: 648 சி.சி., இரட்டை சிலிண்டர், ஆறு கியர், ஏறத்தாழ 47 குதிரைத்திறன். வேறுபாடு உட்காரும் விதத்தில். ஒன்றில் கைப்பிடி உயர்ந்து அகன்று இருக்கும், நிமிர்ந்து உட்காரலாம். மற்றதில் கைப்பிடி தாழ்ந்திருக்கும். கால் வைக்கும் இடம் பின்தள்ளி இருக்கும். ஓட்டுபவர் முன்னோக்கிக் குனிந்தாக வேண்டும். ஒரே சீர்களை வேறு தளையில் கட்டியது போல என்று மாணவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் விஷயம் அதுதான். ஸ்போர்ட் ஒரு பக்கம், டூரிங் ஒரு பக்கம் என்று ஒரே எஞ்சின் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

ஓட்டிப் பார்ப்பதற்குச் சட்டத்திலும் இடம் உண்டு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 41-ஆம் விதி, விற்பனையாளர் தம் வணிகச் சான்றிதழின் கீழ் வண்டியை எவற்றுக்கெல்லாம் சாலையில் ஓட்டலாம் என்று வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் ஒன்று, வாங்க எண்ணுபவரின் பொருட்டு நியாயமான அளவுக்கு ஓட்டிப் பார்ப்பது. நியாயமான அளவு எது என்று விதி சொல்லவில்லை. நடைமுறையில் அது மூன்று கிலோமீட்டர்: கடையிலிருந்து அணுகுசாலையில் போய், பாலத்தடியில் திரும்பி வருவது. அதில் தெரிவது கிளட்சின் கனம், மெதுவாகத் திரும்பும்போது வண்டியின் எடை, பிரேக்கின் முதல் கடி ஆகிய சில. தெரியாதவை மிகப் பல.

நான் பணிபுரியும் கல்லூரி பொன்னேரிப் பக்கம். நாள்தோறும் போய்வரும் சாலையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். விற்பனைப் பிரிவுத் தம்பி தயங்கி, பிறகு வேறொரு வண்டியில் பின்தொடர்ந்து வர ஒப்புக்கொண்டார். இரண்டு வண்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காரனோடைப் பாலம் வரை ஓட்டினேன். “சார், இவ்ளோ தூரம் யாரும் கேட்க மாட்டாங்க” என்றார் இரண்டாம் முறை திரும்பியதும். கொசஸ்தலை ஆற்றின் மேல் வரும் பக்கக் காற்றில், கன்டெய்னர் லாரி ஒன்று கடந்து போகும்போது வண்டி எவ்வளவு விலகுகிறது என்பதைப் பாலத்தின் மேல்தான் தெரிந்துகொள்ள முடியும். குனிந்து ஓட்டும் வண்டி அங்கே மேலும் உறுதியாக இருந்ததுபோல் பட்டது. மனம் அதன் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை. திரும்பி வந்தபோது கடையில் என் மனைவி காத்திருந்தாள். “நீங்க மட்டும் ஓட்டிப் பார்த்தா ஆச்சா? பின்னாடி உட்காரப் போறது நான்தானே” என்றாள்.

வெள்ளோட்டம் என்ற சொல் அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. கடையில் நாம் ஓட்டிப் பார்ப்பது உற்சவர் ஏறாத தேர். ஆறு நாள் போட்டியிலும் ராணுவத்திலும் வண்டியைச் சுமையோடு சோதித்தார்கள். நாமோ எதற்காக வாங்குகிறோமோ அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டுச் சோதிக்கிறோம். இதில் சட்டம் நம்மைவிடச் சற்று முன்யோசனையோடு இருக்கிறது. அதே விதிகளில் 123-ஆம் விதி, பின்னால் அமர்பவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க மிதியும், ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் இருந்தாக வேண்டும் என்கிறது. சாரி கார்டு என்று நாம் சொல்வது அதைத்தான். பின்னால் அமர்பவருக்காக ஒரு விதியே எழுதியிருக்கிறார்கள். ஓட்டிப் பார்க்கும் விதியில் அவர் இல்லை. வண்டி விமர்சனங்களிலும் பெரும்பாலும் அவர் இல்லை.

இன்னொரு முறை போனோம், இருவராக. இந்தத் தடவை நல்லூர் சுங்கச்சாவடியையும் தாண்டி, தச்சூர் கூட்டுச்சாலைவரை. காலை ஷிப்ட் மாறும் நேரம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிறவர்களும் அங்கிருந்து வருகிறவர்களும் சாலையின் ஓரப்பட்டியில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கம்பெனிப் பேருந்து இல்லாதவர்கள். பெரும்பாலும் நூறு சி.சி. வண்டி, இருவர், சிலவற்றில் மூவர், டேங்க் மேல் சாப்பாட்டுப் பை. நாளைக்கு அறுபது கிலோமீட்டர் போய்வரும் ஒருவருக்கு, ஆண்டில் முந்நூறு வேலை நாள் என்றால், பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஆகிறது. லடாக் போய்வந்த எந்த நெடும்பயணியும் ஓர் ஆண்டில் அவ்வளவு ஓட்டுவது அரிது. மழையிலும் இருளிலும் இரும்பு ஏற்றிய டிரெய்லர்களுக்கு நடுவிலும் ஓட்டும் அந்த மனிதர்களிடம் இந்தச் சாலைக்கு எந்த வண்டி ஏற்றது என்று யாரும் கேட்டு எழுதியதில்லை. அவர்களுக்கு முகப்புக் கவசம் இல்லை. எதிர்க்காற்றுக்குச் சட்டைக்குள் நாளிதழை மடித்து வைத்துக்கொள்கிறார்கள். ஜெர்மானியர் காற்றுச் சுரங்கத்தில் வைத்துத் தீர்த்த அதே சிக்கலுக்கு, காலாணா செலவில்லாத தீர்வு.

தச்சூரில் தேநீர் குடிக்க நின்றபோது, அப்படி நாளிதழ் வைத்திருந்த இளைஞர் ஒருவர் எங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். எத்தனை சி.சி., என்ன விலை என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் பின்னிருக்கையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் கேட்டார், “அக்கா, குண்டு குழியில தூக்கிப் போடுதா?” “பரவாயில்ல தம்பி” என்றாள். பிறகு இருவரும் சிறிது நேரம் பின்னிருக்கைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். தம் வண்டியில் ஷாக் அப்சார்பரை ஒரு படி ஏற்றி வைத்த பிறகு பின்னால் வரும் நண்பர் புலம்புவதை நிறுத்திவிட்டதாக அவர் சொன்னார். வண்டியின் பின்பக்கத்தில் அதைத் திருப்பும் வளையம் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குக் குனிந்து காட்டினார்.

நிமிர்ந்து உட்காரும் வண்டிக்கே முன்பணம் கட்டினோம். நிறத்தை அவள் தேர்ந்தெடுத்தாள். நெடும்பயணத்துக்கான மெத்தென்ற இருக்கையைத் தனி விலைக்குத் தருகிறார்கள். அதையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னோம். வண்டி வர ஐந்து வாரம் ஆகும் என்றார் விற்பனைத் தம்பி.